காரணத்தை எழுதிக் கொடுங்கள்

கம்பெனிக்காரர்கள் ஆள் கேட்டு அனுப்பும் தாளில் படிப்பு, வயது, அனுபவம், சம்பளம், ஷிஃப்ட் எல்லாம் இருக்கும். மின்னஞ்சல் பரவாத அந்தக் காலத்தில் அது ஃபேக்ஸில் வரும். வந்த சூட்டோடு போனும் அடிக்கும். தாளில் எழுத முடியாத நிபந்தனையைச் சொல்வதற்கென்றே வரும் போன் அது. “நம்ம பசங்களாப் பாத்து அனுப்பி வைங்க.” நம்ம பசங்கன்னா யாருங்க என்று கேட்டால், “உங்களுக்குத் தெரியாததுங்களா?” என்று ஒரு சிரிப்பு. 1990களின் பிற்பகுதியில் கோயம்புத்தூரில் ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சியில் சேர்ந்து இந்தத் தொழிலுக்குள் வந்தேன். பயோடேட்டாவைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்தப் போனைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, நூற்பாலை, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று எங்களுக்கு எல்லா வகை வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். ஃபவுண்டரியில் மோல்டிங்குக்கு ஆள் கேட்கும்போது யாரும் சாதி கேட்டதில்லை. அந்த அனலில் நிற்க யார் வந்தாலும் சரி. கேஷ் கவுண்டர், ஸ்டோர் சாவி, ரிசப்ஷன், முதலாளியின் பி.ஏ. என்று வரும்போதுதான் குரல் தணியும். வீட்டுச் சமையலுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேடுபவர்களிடம் அந்தத் தயக்கமும் இருக்காது. நேராகவே கேட்டுவிடுவார்கள். பணம், சாவி, சோறு இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் யாரை விடலாம் என்பதில்தான் அத்தனை கவனமும்.

ஏஜென்சியை நடத்திய அம்மாவை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். போனில் யாராவது இப்படிச் சொன்னால் அவர் சண்டைக்குப் போகமாட்டார், உபதேசமும் செய்யமாட்டார். “சரிங்க, அந்த ஒரு வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ்ல அனுப்பிருங்க, ஃபைல்ல வெச்சுக்கறோம்” என்பார். மறுமுனையில் பேச்சு நின்றுவிடும். எழுதி அனுப்பியவர் ஒருவர்கூட இல்லை. சிலர் எங்களை விட்டுவிட்டு வேறு ஏஜென்சிக்குப் போனார்கள். அந்த நஷ்டத்தை அக்கா தெரிந்தேதான் தாங்கினார். மற்றவர்கள் நாங்கள் அனுப்பிய ஆட்களையே பார்த்தார்கள், அவர்களில் பலரை எடுத்துக்கொள்ளவும் செய்தார்கள். வாயால் சொல்லும் வரைதான் அந்த நிபந்தனைக்கு உயிர். எழுதச் சொன்னால் பாதி இடங்களில் அது செத்துப்போகிறது. பின்னாளில் சென்னைக்கு வந்து பெரிய நிறுவனங்களின் ஹெச்.ஆர். துறையில் இருந்தபோதும் நான் விடாமல் பிடித்துக்கொண்டது அக்காவின் இந்த வழியைத்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் அது செல்லவில்லை. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்தன. அதன் பிறகு முஸ்லிம் பையன்களுக்கு அந்த ஊரில் வேலை கேட்டுப் போவது எவ்வளவு கடினமாகிப்போனது என்பதை எங்கள் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. “அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சுங்களே” என்பார்கள். அடுத்த வாரம் அதே வேலைக்கு அதே கம்பெனியின் விளம்பரம் பேப்பரில் வந்திருக்கும். பி.காம். முடித்து டேலி நன்றாகத் தெரிந்த ஒரு பையன், முஸ்லிம்கள் அதிகம் வசிக்கும் கோட்டைமேட்டு முகவரி. அவன் ஒருநாள் என்னிடம், “அண்ணா, எங்க மாமா பொள்ளாச்சில இருக்காரு. அந்த அட்ரஸ் போட்டுக் குடுத்தரட்டுங்களா?” என்று கேட்டான். முகவரியை மாற்றிவிடலாம். மேலே பெரிய எழுத்தில் இருக்கிற பெயரை என்ன செய்வது? இருபத்திரண்டு வயதில் ஒரு பையன் தன் பயோடேட்டாவில் எதை மறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இந்துப் பையன்களின் பெயரில் சாதி தெரியாது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவதென்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலனாக, அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு வரும் தலைமுறைகள் இங்கே உருவாயின. டெல்லியிலிருந்து இன்டர்வியூ செய்ய வரும் அதிகாரிகள் இந்த இனிஷியலைப் பார்த்து விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். “முழுப் பெயர் என்ன?” என்று இரண்டு தடவை கேட்பார்கள். பையன் இரண்டு தடவையும் அப்பா பெயரைச் சொல்வான். அவர்கள் தேடுவது அதை அல்ல என்று அவனுக்குப் புரியாது.

உள்ளூர்க்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர்களுக்கு ரெஸ்யூமைப் படிக்கத் தெரியும். ஒரு தாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலே பெயர், கீழே முகவரி. தெருவுக்கு அம்பேத்கர் பெயர் என்றால் பேனா அங்கே ஒரு கணம் நிற்கும். அதற்குக் கீழே கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு, அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி. பையன் அதில் பெருமையாக ‘பள்ளியில் முதலிடம்’ என்று சேர்த்திருப்பான். கல்லூரிக் காலத்து முகவரியாக விடுதியின் பெயர் இருக்கும், அதிலும் அதே சொல். தாளோடு சேர்த்துப் பின் அடித்திருக்கும் ஜெராக்ஸ்களில் மாற்றுச் சான்றிதழும் இருக்கும். அதில் சாதிக்கென்றே ஒரு வரி. தனியார் கம்பெனிக்கு முதல் சுற்றிலேயே மாற்றுச் சான்றிதழ் எதற்கு என்று நான் கேட்காத இடமில்லை. “எப்பவும் வாங்குறதுதான் சார்” என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததில்லை.

பிள்ளைகளைப் படிக்கவைப்பதற்காக அரசு திறந்த பள்ளியின் பெயரே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. நாங்குநேரியில் சாதி வெறியால் ஒரு மாணவன் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்கி, அரசுப் பள்ளி என்று மட்டும் அழைக்கச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. 2025இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலித் குடியிருப்புகளைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றமும் அறிவிக்கப்பட்டது. இவற்றைச் சடங்கு என்று சொல்பவர்கள் ஒரு நாளாவது ஷார்ட்லிஸ்ட் செய்யும் மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய பெயரோடு அச்சான மதிப்பெண் பட்டியல்களை வைத்திருக்கும் பல லட்சம் பேருக்கு மட்டும் அந்தப் பெயர் ஓய்வு பெறும் வயது வரை கூடவே வரும்.

தாளில் தெரியாவிட்டால் இன்டர்வியூவில் தெரிந்துகொள்வார்கள். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஸ்டோர்ஸ் உதவியாளர் வேலை. பேனலில் புரொடக்ஷன் மேனேஜர், ஸ்டோர்ஸ் மேனேஜர், ஹெச்.ஆர். சார்பில் நான். பையன் விழுப்புரம் மாவட்டம். ஸ்டோர்ஸ் மேனேஜர் கேட்டார்: “சிஸ்டத்துல இருக்கிற கணக்கும் ரேக்குல இருக்கிற ஸ்டாக்கும் இடிச்சா என்ன செய்வீங்க?” பையன் தடுமாறவில்லை. “மொதல்ல ஆள வெச்சு எண்ணிருவேன் சார். அப்புறம் என்ட்ரி போடாம நிக்கிற ஜி.ஆர்.என். இருக்கா, இஷ்யூ ஸ்லிப் எதாவது விட்டுப்போச்சான்னு பார்ப்பேன். அதுலயும் வரலைன்னா உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தான் சிஸ்டத்துல கை வைப்பேன்.” ஸ்டோர்ஸில் பல வருஷம் இருந்தவர் சொல்லும் பதில் இது. ஸ்டோர்ஸ் மேனேஜர் தலையை ஆட்டி மதிப்பெண் போட்டார்.

புரொடக்ஷன் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

“சொந்த ஊர் எது தம்பி?”

பையன் சொன்னான்.

“அப்பா என்ன பண்றார்?”

“விவசாயக் கூலி சார்.”

“சொந்த நிலம் எதுவும் இல்லையா?”

“இல்ல சார்.”

“ஊருக்குள்ளயா வீடு, வெளியில காலனிப் பக்கமா?”

பையன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு, “காலனி சார்” என்றான்.

“சரி தம்பி, ஹெச்.ஆர்.ல சொல்லுவாங்க.” அவன் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைப்பதற்குள் அவர் அடுத்த ரெஸ்யூமை எடுத்துவிட்டார்.

கதவு சாத்தியதும், “டெக்னிக்கலா ஓகே. கம்யூனிகேஷன் பத்தாது. நம்ம டீமுக்கு செட்டாக மாட்டான்” என்றார். ஸ்டோர்ஸில் பேச வேண்டியது லாரி டிரைவரிடமும் லைன் சூப்பர்வைசரிடமும்; இரண்டு பேரிடமும் தமிழில்தான் பேச வேண்டும். “சார், எந்தக் கேள்விக்கு அவர் சொன்னது உங்களுக்குப் பத்தலை? அந்தக் கேள்வியை மட்டும் இதுல எழுதிருங்க” என்று தாளை நீட்டினேன். அவர் எழுதவில்லை. ‘ஹோல்ட்’ என்று ஒரு சொல்லைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் தொழிலில் நிராகரிப்புக்குக்கூட ஏதாவது ஒரு காரணம் போட வேண்டும். ஹோல்டுக்கு எதுவும் வேண்டாம். அதனால்தான் சொல்ல முடியாத காரணங்கள் எல்லாம் போய் அதில் ஒளிந்துகொள்கின்றன. மதிப்பெண்களை வரிசைப்படுத்திக்கொண்டு ஆலைத் தலைவரிடம் போய் அந்த ஹோல்டை எடுக்கவைக்கச் சில வாரங்கள் பிடித்தன. அதற்குள் அந்தப் பையன் சம்பளம் குறைவான ஒரு கிடங்கு வேலையில் சேர்ந்துவிட்டிருந்தான். “பரவால்ல சார், வீட்ல கடன் இருக்கு, காத்திருக்க முடியல” என்றான் போனில்.

அந்த மேனேஜரைக் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. ‘அப்பா என்ன பண்றார்’ என்பது நம்முடைய இன்டர்வியூக்களில் மிகச் சாதாரணமான கேள்வி. சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லிப் பகுதியில் ஆள் எடுக்கும் மேலாளர்களைப் பேட்டி கண்டு 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திறமைதான் எல்லாம் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்காமல் ஆள் எடுப்பதில்லை என்றும் சொன்னார்கள். அந்த மேலாளர்களுக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

அதே 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் வெளியிட்ட ஆய்வை நான் மேலாளர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் தவறாமல் எடுத்துச் சொல்வேன். 2005 அக்டோபர் முதல் 66 வாரங்கள், ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லாத விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. அந்தக் கோட்டைமேட்டுப் பையனின் பயோடேட்டாவுக்கு என்ன நடந்தது என்பதை எனக்கு எண்ணில் காட்டிய ஆய்வு அது. வகுப்பில் யாராவது, “அதெல்லாம் வடநாட்டுக் கதை சார், நம்ம ஊர்ல பேர வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது” என்பார்கள். அப்போது அவர்கள் கையில் அவர்களுடைய கம்பெனியின் விண்ணப்பப் படிவத்தையே கொடுத்து, இதில் எத்தனை கட்டங்கள் வேலைக்குத் தேவை என்று டிக் அடிக்கச் சொல்வேன். தந்தை பெயர், தந்தை தொழில், சொந்த ஊர், மதம், திருமண நிலை, புகைப்படம். டிக் விழாத கட்டங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கட்-ஆஃப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது, நடுவில் ஒரு வருஷம்கூட விட்டிருக்கக் கூடாது என்று கேம்பஸில் ஒரு வடிகட்டி வைப்பார்கள். இதில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். பிளஸ் டூ முடித்ததும் ஒரு வருஷம் சித்தாள் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை? தமிழ் வழியில் படித்துவிட்டு இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி இரண்டு பேப்பரில் அரியர் வைத்து, கடைசி வருஷத்தில் 80 சதவீதம் வாங்கிய பெண் எந்த வீட்டுப் பெண்? முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும் மாநிலத்தில், அந்தப் பட்டதாரியைக் கல்லூரி வாசலிலேயே கழித்துக்கட்டும் விதியை எந்த யோசனையும் இல்லாமல் வைத்திருக்கிறோம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வாசல் ரெஃபரல். உள்ளே இருக்கிறவர் தனக்குத் தெரிந்தவரைச் சொல்வார். அதற்குக் கம்பெனி அவருக்குப் போனஸ் கொடுக்கும். தெரிந்தவர் என்றால் யார்? கூடப் படித்தவர், சொந்தக்காரர், ஊர்க்காரர். நம் சமூகத்தில் சொந்தம் என்பது ஒரே சாதிக்குள்தான் என்பதால், நாலைந்து வருஷத்தில் ஒரு துறை முழுக்க ஒரே மாதிரி ஆட்களாக நிரம்பிவிடும், ஒருவரும் தப்பு செய்யாமலேயே. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959இலேயே சட்டம் போட்டார்கள். தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்றில்லை. அந்தத் தெரிவித்தலைக்கூட முறையாகச் செய்த கம்பெனிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைக்கு, அந்தக் காலியிடம் இருந்ததே தெரியாது.

ஒரகடத்துக்குப் பிறகு நான் பொறுப்பில் இருந்த இடங்களில் சில காரியங்களைச் செய்தேன். முதல் சுற்றில் பெயர், ஊர், பள்ளி, விடுதி, புகைப்படம் இல்லாமல் எண் மட்டும் போட்ட தாள்களையே பேனலுக்குக் கொடுத்தோம். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். ஒருவர் வெளியே போனதும், பேனலில் யாரும் வாய் திறப்பதற்கு முன் அவரவர் மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். பேசுவது அதற்குப் பிறகுதான். பெரியவர் ஒருவர் “செட்டாக மாட்டான்” என்று ஆரம்பித்துவிட்டால் இளையவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வார் என்பதால் இந்த ஏற்பாடு. கடைசியாக, ‘எடுக்காததற்குக் காரணம்’ என்று ஒரு கட்டம். அதில் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். ‘ஹோல்ட்’, ‘செட்டாகாது’, ‘பேக்ரவுண்ட்’ ஆகியவை செல்லாது. எதிர்ப்பு வந்தது. எங்கள் அனுபவத்தின் மேல் நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் கட்டம் வந்த பிறகு ஊர்க் கேள்வி குறைந்தது. கேட்டுத் தெரிந்துகொண்டாலும் அதைக் காரணமாக எழுத முடியாது என்று ஆகிவிட்டதல்லவா? முன்பு வடிகட்டியிலேயே நின்றுபோன ஊர்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் இரண்டாம் சுற்றுக்கு வந்தார்கள். வந்தவர்களின் வேலையைப் பற்றி மேனேஜர்களிடமிருந்து எனக்குப் புகார் வந்ததில்லை.

டைரக்டரோடு நடக்கும் கடைசிச் சுற்றை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. “சும்மா ஒரு பத்து நிமிஷம் பேசிப் பார்க்கிறேன்” என்பார். அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கேள்வித்தாள் கிடையாது, மதிப்பெண் கிடையாது, கட்டமும் கிடையாது. பாகுபாட்டைக் கீழ்த்தளத்தில் தடுத்தால் அது லிஃப்டில் ஏறி மேல்மாடிக்குப் போய்விடுகிறது.

இதைத் தனிமனிதர்களின் மனசாட்சிக்கு விட்டுவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. சென்னை மாகாணத்தில் நீதிக் கட்சி ஆட்சி, அரசு வேலையில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் வேண்டும் என்று 1921இலேயே ஆணை போட்டது. அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு சாதி, மதம், பால், பிறந்த இடம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்கிறது, ஆனால் அது அரசு வேலைக்கு மட்டும். தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரை வேலை செய்யவிடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. அதை எதைக் காட்டி நிரூபிப்பது? தாளில் ‘ஹோல்ட்’ என்றுதானே இருக்கிறது. அமெரிக்காவில் 1964 முதல், பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வழியாக, தனியார் முதலாளியும் ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே தனியார் வேலையில் சாதி, மதப் பாகுபாட்டை முழுமையாகத் தடுக்கும் தனிச்சட்டம் இல்லை. 2006இல் தொழில் அமைப்புகள் தாமாக முன்வந்து நடத்தை விதி வகுத்துக்கொள்வதாகச் சொன்னன. தாமாக முன்வருவது எந்த வாசல் வரை வரும் என்பதைத்தான் இதுவரை எழுதியிருக்கிறேன்.

வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: நிராகரித்தால் காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள்; கேட்டதற்கான சான்று உங்களிடம் இருக்கும். பேனலில் உட்காரும் நண்பர்களே, அப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். தமிழ்நாடு அரசு தொழிற்சாலைகளுக்கு நிலமும் சலுகையும் கொடுத்துத்தான் ஒப்பந்தம் போடுகிறது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: இன்டர்வியூவுக்கு வந்த ஒவ்வொருவரையும் எடுக்காததற்கான காரணத்தை நிறுவனம் எழுதி வைக்க வேண்டும், மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும்.